படிக்கத் தெரியாதவர்கள் காத்த நூல்

கிறித்தவத் தமிழ்த் தொண்டு பற்றிய விழா எங்கே நடந்தாலும் இரண்டு கரவொலிகள் உறுதியாக எழும். 'இந்திய எழுத்துகளில் முதன்முதல் அச்சேறியவை நம் தமிழ் எழுத்துகளே, ஏற்றியவர்கள் நம் திருச்சபையினர்' என்று ஒருவர் முழங்குவார், மண்டபம் அதிரும். அடுத்து வருபவர், 'அந்த நூல்களையெல்லாம் வெள்ளைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்' என்பார். மண்டபம் முன்னிலும் பலமாக அதிரும். நாமும் அத்தகைய மண்டபங்களில் அமர்ந்திருக்கிறோம், இரண்டுக்கும் கைதட்டியிருக்கிறோம். முதற் கரவொலியில் நமக்கு வருத்தமில்லை. இரண்டாவதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதனை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி முடிந்த 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே கொண்ட சிறு நூல். அதன் ஒரே படி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. 1579-இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. மறு ஆண்டு, 1580-இல், அதே கொச்சியில் பாவசங்கீர்த்தனம் செய்வோருக்கான கையேடு ஒன்று அச்சாயிற்று. போர்த்துக்கேசிய வழக்கில் 'கொன்பெஸியொனாரியோ' என்பது அதன் பெயர். 1586-இல் 'ஃப்ளோஸ் சாங்க்தோரும்' என்னும் புனிதர் வரலாறு 600-க்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளிவந்தது. அதன் படி வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. இந்நூல்களைத் தமிழில் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். 1546-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையிலே அரை நூற்றாண்டு உழைத்து, 1600-இல் புன்னைக்காயலில் உயிர்நீத்த இயேசு சபைத் துறவி. அச்சுச் செலவுக்கு 400 குருசாதோ திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். மூச்சடக்கிக் கடலடியில் மூழ்கி எடுத்த முத்தின் பணம் அது. அவர்கள் வாங்கிய நூல்களில் ஒரு படியாவது அவர்கள் வழிவந்தோரிடம் இன்று உண்டா? இல்லை.

மேற்சொன்ன நான்கனுள் பாவசங்கீர்த்தனக் கையேட்டின் கதையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அறிஞர் பலரும் அதனைக் காணாமற்போன நூல் என்றே எழுதி வந்தனர். 1982-இல் கிரகாம் ஷா என்னும் ஆங்கில நூலியல் அறிஞர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் அதன் படி ஒன்று இருப்பதை இனங்கண்டு, அந்நூலகத்தின் இதழிலேயே கட்டுரை எழுதினார். உலகில் அறியப்பட்டுள்ள ஒரே படி அதுதான். பத்துக் கட்டளைகளின் வழியே ஒரு மீனவத் தாயிடமோ, தோணித் தலைவனிடமோ குருவானவர் கேட்கக்கூடிய கேள்விகளைத் தமிழில் தரும் நூல். எவருடைய மனச்சான்றுக்காக அது எழுதப்பட்டதோ அவர்களுடைய ஊரில் அது இல்லை. அதிலுள்ள ஓர் எழுத்தையும் படிக்க அறியாதவர்களின் பேழையில் அது பத்திரமாக இருந்தது.

இதைத்தான் 'அள்ளிக்கொண்டு போனார்கள்' என்கிறோம். அள்ளியவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆக்ஸ்போர்டு நூலகத்தின் வரலாற்றை ஒருமுறை படித்தவர்கள் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்கள். ஏனெனில் அங்கேயும் நூல்கள் அழிந்தன. அழித்தவர்கள் அந்நியர் அல்லர், அவ்வூராரே.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகத்தைத் தொடங்கியவர் ஒரு கத்தோலிக்க ஆயர் என்பது நம்முள் பலருக்குத் தெரியாது. வூஸ்டர் ஆயர் தாமஸ் கோபம் 1320-ஐ ஒட்டித் தூய மரியன்னை ஆலயத்தை அடுத்து ஓர் அறை எழுப்பினார். 1327-இல் அவர் இறந்தபோது கடன் மிஞ்சியிருந்தது. அவர் நூல்கள் அடகுக்குப் போய், பிறகு மீட்கப்பட்டன. (ஆயர்கள் கடன்பட்டுக் கட்டடம் கட்டுவது நேற்றுத் தொடங்கியதன்று போலும்.) பின்னர் 15-ஆம் நூற்றாண்டில், மன்னர் ஐந்தாம் ஹென்றியின் தம்பியான கோமகன் ஹம்ஃப்ரி 280-க்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளை வழங்கினார். அவற்றை வைப்பதற்கென்றே இறையியற் கூடத்தின் மேல்தளத்தில் புதிய மண்டபம் எழுந்தது, 1488-இல் திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் அது நிலைத்தது.

1550-இல் ஆறாம் எட்வர்டு மன்னரின் சமயச் சீர்திருத்த ஆணையர்கள் வந்தனர். பழைய சமயத்தின் வாடை வீசும் நூல்கள் அனைத்தும் மூடநம்பிக்கை என அகற்றப்பட்டன. சில எரிந்தன, சில விலைபோயின. கையுறை செய்வோர் தோலை அழுத்திவைக்கவும், தையற்காரர் அளவுத்துண்டு வெட்டவும், புத்தகம் கட்டுவோர் மேலட்டை போடவும் அவற்றை வாங்கினார்கள் என்று 17-ஆம் நூற்றாண்டின் ஆக்ஸ்போர்டு வரலாற்றாசிரியர் அந்தோணி உட் குறித்து வைத்திருக்கிறார். கோமகன் ஹம்ஃப்ரி தந்தவற்றுள் அந்த நூலகத்துக்குத் திரும்பி வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

இவ்விடத்தில் 'பார்த்தீர்களா, பிரிவினை சபையாரின் செயலை!' என்று யாரும் நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். வெற்று மண்டபத்தில் மிஞ்சியிருந்த மரப்பலகைகளும் மேசைகளும் 1556-இல் விற்கப்பட்டன. அப்போது இங்கிலாந்தின் அரியணையில் இருந்தவர் மேரி, கத்தோலிக்க அரசி. நம்மவர் ஆட்சிக்கு மீண்டதும் நூல்களைத் தேடித் திரும்பக் கொண்டுவரவில்லை. இருந்த பலகையையும் விற்றார்கள். 'நூல்தான் இல்லையே, பலகை எதற்கு?' என்ற கேள்வி எந்தப் பங்குப் பேரவைக் கூட்டத்திலும் எழக்கூடிய கேள்வி. யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வெற்று மண்டபத்தை 1598-இல் மீண்டும் கையிலெடுத்தவர் தாமஸ் போட்லி. மேரி அரசியின் காலத்தில் தந்தையோடு நாட்டைவிட்டு ஓடி, ஜெனீவாவில் வளர்ந்த சீர்திருத்த சபையார். பின்னர் எலிசபெத் அரசியின் தூதராக நெதர்லாந்தில் பணியாற்றியவர். நூலகத்துக்கு அவர் செலவிட்ட பணத்தில் பெரும்பகுதி அவர் மனைவி ஆன் அம்மையாரின் சொத்து. அந்த அம்மையாரின் முதற் கணவர் மீன் வணிகர். அதிலும் நம் கடற்கரையின் சாளை மீனுக்கு நெருங்கிய இனமான மீனை விற்றுச் செல்வம் சேர்த்தவர். முத்துப் பணத்தில் அச்சான தமிழ் நூலை மீன் பணத்தில் எழுந்த நூலகம் காத்தது என்பதைத் தூத்துக்குடிக்காரர்கள் கவனிப்பார்களாக.

1602 நவம்பர் 8-ஆம் நாள் ஏறத்தாழ 2000 நூல்களோடு அது திறக்கப்பட்டது. 1605-இல் நூற்பட்டியல் அச்சாயிற்று. 1610-இல் இலண்டன் நூல்வணிகர் குழுமத்தோடு ஓர் உடன்பாடு: குழுமத்தார் அச்சிடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி இலவசமாக ஆக்ஸ்போர்டுக்கு வரவேண்டும். வாசகர் ஒவ்வொருவரும் நூலகத்துள் நெருப்போ சுடரோ கொண்டு வருவதில்லை எனச் சூளுரைக்க வேண்டும். இந்தச் சூளுரை வெறும் சடங்கன்று. 1845 வரை அந்த மண்டபத்தில் குளிர்காய வழியில்லை. 1929 வரை விளக்கு இல்லை. பனிக்காலத்தில் விரல் விறைக்கப் படித்தார்கள். பொழுது சாய்ந்தால் மூடிவிட்டுப் போனார்கள்.

நூலை வெளியே கொடுப்பதில்லை என்பது அடுத்த விதி. 1645-இல் உள்நாட்டுப் போரின் நடுவே ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்த மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு நூலைக் கேட்டு ஆளனுப்பினார். நூலகர் விதியைக் காட்டி மறுத்தார், மன்னர் பணிந்தார். அந்த மன்னரின் தலையை வாங்கியவர்களின் தலைவரான கிராம்வெல் 1654-இல் கேட்டபோதும் அதே பதில்தான் கிடைத்தது. ஆட்சி மாறியது, விதி மாறவில்லை. நம் பங்கு நூலகங்களில் நிலைமை என்ன? 'சாமி கேட்டார், கொடுத்துவிட்டேன்' என்பதற்கு மேல் எந்தப் பதிவும் இல்லாமல் மறைந்த நூல்கள் எத்தனை!

ஆக்ஸ்போர்டுக்குப் புனிதர் பட்டம் கொடுக்க நாம் முன்மொழியவில்லை. அந்நூலகத்தின் தொடக்கத்திலேயே கொள்ளைப் பொருள் உண்டு. 1596-இல் எசெக்ஸ் பிரபுவின் கடற்படை போர்த்துக்கலின் ஃபாரோ நகரைச் சூறையாடியபோது, அந்நகர ஆயரின் நூலகத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்நூல்களுட் பல 1600-ஐ ஒட்டிப் போட்லியின் கைக்கு நன்கொடையாக வந்தன. முதல் நூலகரான தாமஸ் ஜேம்ஸ் நம் சபைமீது தீராப் பகை கொண்டவர். உரோமை வெளியிட்ட தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை அவர் எதற்குப் பயன்படுத்தினார் தெரியுமா? எந்த நூலைத் தேடி வாங்கவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு! நாம் தள்ளிய பட்டியலே அவருக்குக் கொள்முதல் பட்டியலாயிற்று. 1627-இல் அதனை அச்சிட்டும் வெளியிட்டார். சினம் கொள்வதா சிரிப்பதா என்று தெரியாத இடம் இது. பகைவனின் நூலையும், பகைவன் வெறுத்த நூலையும் ஒருங்கே அடுக்கி வைத்தவர்களிடம்தான் அண்டிரிக் அடிகளாரின் கையேடு தப்பிப் பிழைத்தது.

அவர்களும் தவறினார்கள். 1623-இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியின் முதற்பதிப்பு உடன்பாட்டின்படி வந்து சேர்ந்திருந்தது. 1664-இல் மூன்றாம் பதிப்பின் புதிய வெளியீடு வந்ததும், பழையது மிகை என்று கருதி விற்றுவிட்டார்கள். 1905-இல் அதே படி, அதே மேலட்டையோடு, ஒருவர் கையில் ஆக்ஸ்போர்டுக்கே பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கச் செல்வர் ஒருவர் 3000 பவுன் கொடுக்க முன்வந்தார். அந்தத் தொகையைப் பொதுமக்களிடம் திரட்டி, 1906-இல் நூலகம் தன் சொந்த நூலை விலை கொடுத்து மீட்டது. வேண்டாதது என்று யாரோ ஒருவர் ஒரு பிற்பகலில் முடிவுசெய்ததற்கு அவ்வளவு விலை.

இந்தக் கதைகளையெல்லாம் வரிசையாகப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. 1550-இல் மூடநம்பிக்கை, 1556-இல் பயனற்ற பலகை, 1660-களில் பழைய பதிப்பு. ஒவ்வொரு முறையும் அன்றைய அறிவுக்கு வேண்டாததாகத் தோன்றியதே போயிற்று. பிழைத்தது எது? தனக்குப் புரியாததைத் தள்ளுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்று யாரோ ஒருவர் எண்ணிய இடத்தில் இருந்தது பிழைத்தது. அக்கையேட்டின் தமிழ் எழுத்துகளைக் கண்ட ஆக்ஸ்போர்டு நூலகருக்கு, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா நேராகப் பிடித்திருக்கிறோமா என்பதுகூடத் தெரிந்திருக்காது. ஆயினும் எண்ணிட்டு அடுக்கில் வைத்தார். நமக்கோ ஒவ்வோர் எழுத்தும் தெரியும். எனவே 'இது பழைய ஜெபப் புத்தகம், இனி உதவாது' என்று நம்மால் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

நம்முடைய 1550 எது? சொல்லக் கூசுகிறது; சொல்லியே ஆகவேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நிறைவுற்றது. வழிபாடு தமிழுக்கு வந்தது. அது ஆவியாரின் கொடை, அதில் நமக்கு ஐயமில்லை. சர்வேசுரன் கடவுளானார், திவ்விய பூசை திருப்பலியாயிற்று, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருளடையாளமாயிற்று. சொற்கள் மாறிய வேகத்தில் அச்சொற்களைச் சுமந்த நூல்களும் பீடத்திலிருந்து இறங்கி, பொருளறைக்குப் போய், அங்கிருந்து பரணுக்குப் போய், பரணிலிருந்து வெளியேறின. இலத்தீன் பூசைப் புத்தகங்கள், பிரார்த்தனைத் திரட்டுகள், வியாகுலப் பிரசங்கக் கையெழுத்துப் பிரதிகள், உபதேசியார்கள் மனப்பாடம் செய்த வினாவிடைகள், வாசாப்பு ஏடுகள். எந்தச் சங்கத் தந்தையும் இவற்றைப் பழைய தாள் கடைக்குப் போடச் சொல்லவில்லை. நாமே போட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரப் பங்கு ஒன்றின் நூற்றாண்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். பொருளறையைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலில் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு அருகே சணற்கயிற்றால் கட்டிய மூன்று தாள் கட்டுகள். மேலே கிடந்ததைப் புரட்டினோம். மேலட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கம் இல்லை. மூலைகள் அரித்திருந்தன. ஆனால் ஓரங்களில் நீல மையில், மிகச் சிறிய எழுத்தில், எந்தப் பாட்டை எந்த இராகத்தில் பாடவேண்டும் என்று ஒருவர் குறித்து வைத்திருந்தார். யாரோ ஓர் உபதேசியார்.

"இது எங்கே போகிறது?" என்றோம் கோவில்பிள்ளையிடம்.

"கடைக்குத்தான் ஐயா. ஏற்கெனவே ரெண்டு கட்டு போயாச்சு. சாமிதான் சொன்னாரு, கரையான் பிடிச்சதை எல்லாம் எடுத்திரு, புது அலமாரிக்கும் பரவிரும்னு. சாமியைக் குத்தம் சொல்லக்கூடாது ஐயா. நாப்பது வருசமா நான்தான் இந்த அறையைப் பெருக்குறேன். இதை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை."

அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. கேட்காதவர்கள் நாம். கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்து மூன்று கட்டுகளையும் வாங்கிக்கொண்டோம். முன்பே போன இரண்டு கட்டுகளைத் தேடிக் கடைக்கும் போனோம். லாரி ஏற்றியாயிற்று என்றார்கள்.

இதைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் மூன்று பதில்கள் வருகின்றன. முதலாவது: 'ஏழைக்குச் சோறில்லாத இடத்தில் பழைய புத்தகத்துக்குப் பணமா?' இதைச் சொல்பவர்கள் நல்லவர்கள். ஆகவே பணிவோடு விடை சொல்கிறோம். ஐயா, 400 குருசாதோ கொடுத்த பரதவர்கள் செல்வர்களா? வலையும் தோணியும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லையா? தங்களுக்கென்று அச்சு எழுத்து வேண்டும் என்று ஏழைகளே விரும்பிப் பணம் போட்டார்கள். அவர்களின் பேரர்களிடம், 'உங்களுக்குச் சோறு போதும், வரலாறு எதற்கு?' என்று சொல்ல நம்முள் யாருக்கு உரிமை? அன்றியும் நாம் கேட்பது பளிங்கு மாளிகையன்று. ஆண்டுத் திருவிழாவில் ஒரே இரவில் வாணமாகச் சிதறும் தொகையில் ஒரு மறைமாவட்டத்தின் பழைய நூல்கள் அனைத்துக்கும் இரும்பு அலமாரி வாங்கலாம்.

இரண்டாவது பதில் படித்த இளைஞர்களுடையது. 'எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துக் கணினியில் ஏற்றிவிடலாம். பிறகு தாள் எதற்கு?' ஏற்றுங்கள், நாளையே ஏற்றுங்கள், நாம் தடுக்கவில்லை. ஆனால் 'பிறகு தாள் எதற்கு' என்பதுதான் 'பலகை எதற்கு' என்று 1556-இல் கேட்ட அதே கேள்வி. 'தம்பிரான் வணக்க'த்தின் இறுதிப் பக்கத்தில் 1577-இல் கோவாவில் வார்த்த தமிழ் எழுத்தும், 1578-இல் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் இரண்டுமே காட்டப்பட்டிருக்கின்றன. எழுத்தின் அழுத்தம், தாளின் நீர்க்குறி, தைத்த நூலின் துளை ஆகியவற்றை உண்மைப் படியில் காண்பதுபோல் நிழற்படத்தில் காண முடியாது. நிழற்படம் வாசகனுக்கு, மூலம் சாட்சிக்கு. நீதிமன்றத்தில் நிழற்படியைக் கொடுத்துவிட்டு மூலப் பத்திரத்தைக் கிழித்துப் போடுகிறவர் உண்டா?

மூன்றாவது, முதலிற் சொன்ன அதே பாட்டு: வெள்ளைக்காரர்கள் கொண்டு போய்விட்டார்கள். அச்சான நூல்களை மறைபணியாளர்கள் தங்கள் மடல்களோடு ஐரோப்பாவுக்கு அனுப்பிவைப்பதும் அக்கால வழக்கமாயிருந்தது. போனவை சில. இங்கே இருந்தவைதாம் மிகுதி. அவை எங்கே? கடற்காற்றும் கரையானும் தின்றவை ஒருபுறம். 1658-இல் தூத்துக்குடியும் 1663-இல் கொச்சியும் டச்சுக்காரர் கைக்குப் போயின, 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது, இல்லங்கள் சிதறின. இவற்றுக்கெல்லாம் நாம் பொறுப்பல்லோம். ஆனால் அதன்பின் சென்ற இரு நூறு ஆண்டுகளுக்கு டச்சுக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது.

நம்மவருள் ஒருவரும் விழித்திருக்கவில்லை என்று சொன்னால் அது நன்றி கொன்றதாகும். தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் நடந்து நடந்து இந்நூல்களைத் தேடினார்; 1958-இல் 'தமிழ்க் கல்ச்சர்' இதழில் தமிழின் முதல் அச்சு நூல்கள் பற்றி எழுதி உலகுக்கு அறிவித்தார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் போர்த்துக்கேசிய அகராதியை 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே நிழற்பதிப்பாக வெளியிட்டார். இயேசு சபை அறிஞர் இராசமாணிக்கம் அடிகளார் 'ஃப்ளோஸ் சாங்க்தோரும்' நூலை 'அடியார் வரலாறு' என்ற பெயரில் 1967-இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்தார். 'தம்பிரான் வணக்க'த்தை அதே கழகம் 1963-இல் மறுபதிப்புச் செய்திருந்தது. இந்தப் பதிப்புகள் வந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. வாசகர்களே, உங்கள் வீட்டில் ஒன்று உண்டா? உங்கள் பங்கு நூலகத்தில்? அந்த மறுபதிப்புகளே இன்று அரிய நூல்களாகிவிட்டன. மீட்டுக் கொடுத்ததையும் மறுபடி தொலைக்கத் தெரிந்தவர்கள் நாம்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவருடைய தொழிலகத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நூல், இதழ், நாடக விளம்பரத் துண்டு, திருமண அழைப்பு என்று கையில் கிடைத்த தமிழ் அச்சையெல்லாம் சேர்த்தார். இதில் எது பெருமைக்குரியது, எது குப்பை என்று அவர் பிரித்துக்கொண்டிருக்கவில்லை. 1992-இல் அவர் மறைந்த பின், 1994-இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றவில்லை, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. இன்று தரமணியில் அது நடக்கிறது. யாரும் போய்ப் படிக்கலாம். வெள்ளைக்காரர் அள்ளிக்கொண்டு போகாமல் இங்கேயே விட்டுச்சென்ற தொகுப்பு அது. விழா மேடைகளில் இதனைச் சொன்னவரை நாம் இதுவரை கேட்டதில்லை. கைதட்டு விழாது என்பதாலோ என்னவோ.

தனி ஒருவர் ஓர் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடிந்தது. நமக்கோ ஊர்தோறும் கோவில், கோவில்தோறும் அலமாரி, அலமாரிக்குச் சாவி, சாவிக்கு ஆள். போதாக்குறைக்குச் சட்டமும் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 491-ஆம் எண், கோவில்களின் ஆவணங்கள் கவனமாகக் காக்கப்படவேண்டும். அவற்றுக்கு இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்று அந்தந்தக் கோவிலிலும் மற்றது மறைமாவட்ட ஆவணக் காப்பகத்திலும் இருக்கவேண்டும் என்று ஆயர்களைப் பணிக்கிறது. 1994 மார்ச் 19-ஆம் நாள் உரோமையின் பண்பாட்டு மரபுச் செல்வ ஆணையம், திருச்சபை நூலகங்களைப் பற்றியே தனிமடல் எழுதியது. 1997-இல் ஆவணக் காப்பகங்களைப் பற்றி இன்னொன்று. எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் இவற்றுள் ஒன்று நம் காதில் விழுந்ததாக நினைவில்லை. ஆயர்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்ப முடியாது. பொதுநிலையினர் கேட்டிருந்தால் அவர்கள் மறுத்திருப்பார்களா?

ஆகவே பட்டியல் கேட்கிறோம். கட்டடம் பிறகு வரட்டும். உங்கள் ஊர்க் கோவிலின் பொருளறையில், பழைய பள்ளிக்கூடத்தின் பெட்டியில், காலஞ்சென்ற உபதேசியார் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நூலின் பெயர், ஆண்டு, அச்சுக்கூடத்தின் பெயர், எத்தனை பக்கம் குறைகிறது என்பது போதும். பெயர் தெரியாவிட்டால் 'பெயர் தெரியவில்லை' என்றே எழுதுங்கள், தெரியாததனால் தள்ளிவிடாதீர்கள். பசை நாடா ஒட்ட வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடேற்றி அடைக்க வேண்டாம். ஓரத்தை வெட்டிப் புதிதாகக் கட்டடம் போடவும் வேண்டாம். உபதேசியாரின் நீல மைக் குறிப்புகள் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

நாம் வாங்கிவந்த மூன்று கட்டுகளில் பெரும்பகுதி உதிர்ந்த தாள். நூல் என்று சொல்லத்தக்கவை பதினொன்று தேறின. நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். அவற்றின் பட்டியலை மூன்று படி எழுதி, ஒன்றை அந்தப் பங்கின் தற்போதைய தந்தையிடம் கொடுத்தோம். ஒன்றை மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினோம். தந்தை அவர்கள் பட்டியலைப் படித்துவிட்டு, கோவில்பிள்ளையை அழைத்துக் காட்டினார். ஏழாம் எண்ணில், மேலட்டையும் முதல் எட்டுப் பக்கமும் இல்லாத பாட்டுப் புத்தகத்துக்கு நேரே 'பெயர் தெரியவில்லை' என்று இருந்தது. கோவில்பிள்ளை சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இதுல உள்ள பாட்டு ரெண்டு எனக்கு வரும் சாமி" என்றார்.